லோ சுகர்: எந்தச் சர்க்கரையைக் கொடுப்பது?

கல்யாண வீடு. சாப்பாட்டுக்கு முன் போட வேண்டிய மாத்திரையைப் போட்டாகிவிட்டது. பந்தியில் இடம் கிடைக்கவில்லை. அடுத்த பந்திக்குள் கை நடுங்குகிறது, வேர்த்துச் சட்டை முதுகோடு ஒட்டுகிறது, பக்கத்தில் பேசுகிறவர் மேல் காரணமில்லாமல் எரிச்சல் வருகிறது. ரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே போனால் இப்படித்தான். 54-க்குக் கீழே போனால் பேச்சு குழறும், நடை தள்ளாடும். தெருவில் இப்படித் தள்ளாடுகிறவரைக் குடிகாரர் என்று நினைத்து ஒதுங்கிப் போகிறோம்.

மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை அபூர்வம். இன்சுலினும், கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளும்தான் கவனிக்க வேண்டியவை. குளுக்கோமீட்டர் கைவசம் இல்லையென்றால் அதைத் தேடி நேரத்தைக் கடத்தாதீர்கள். மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ் பவுடரைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்துப் பாருங்கள். இன்னும் 70-ஐத் தொடவில்லை என்றால் மறுபடி அதே அளவு. சரியானதும் இரண்டு இட்லியாவது சாப்பிட வேண்டும். சாக்லேட்டும் மைசூர்பாகும் இதற்கு உதவாது. கொழுப்பு, சர்க்கரை ரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும்.

மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். வோக்லிபோஸ், அகார்போஸ் என்று ஏதாவது இருந்தால் வீட்டுச் சர்க்கரையும் வெல்லமும்கூட உடனே கைகொடுக்காது. குடலில் சர்க்கரை உடைபடுவதைத் தடுப்பதுதான் அந்த மருந்துகளின் வேலையே. குளுக்கோஸ் உடைபட வேண்டியதில்லை, நேராக ரத்தத்தில் சேரும். கிளிமிபிரைடு, மெட்ஃபார்மின், வோக்லிபோஸ் மூன்றும் ஒரே மாத்திரையாகவும் விற்கிறது. மூன்றாவது பெயரைக் கவனிக்காமலே சாப்பிடுகிறவர்கள் உண்டு. சட்டைப் பையில் மிட்டாயை விட, சுவை சேர்க்காத குளுக்கோஸ் பொட்டலமே மேல்.

இன்சுலின் போடும் பிள்ளைகளுக்குத் தேர்வு அறையிலும் இது கைக்கெட்ட வேண்டும். முதல் வகை நீரிழிவுள்ள மாணவர்கள் சர்க்கரை மாத்திரை, பழம், தண்ணீர் எடுத்துப்போக சிபிஎஸ்இ 2017-இலேயே அனுமதித்துவிட்டது. மருத்துவச் சான்றைப் பள்ளி வழியாக முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். தேர்வன்று காலை வாசலில் நின்று வாதாடிப் பயனில்லை.

மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறி மூச்சடைக்கும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐ அழையுங்கள். கண் விழித்துவிட்டார் என்று வீட்டுக்குக் கூட்டி வந்து தூங்க வைப்பதும் ஆபத்து. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளால் இறங்கிய சர்க்கரை, அதுவும் சிறுநீரகம் பழுதான முதியவர்களுக்கு, சில மணி நேரத்தில் திரும்பவும் இறங்கலாம். ஒரு நாளாவது மருத்துவமனையில் வைத்துப் பார்ப்பது நல்லது. அடிக்கடி இறங்குகிறதென்றால் இனிப்பைக் கூட்டிச் சமாளிக்காமல், மருந்தின் அளவைக் குறைக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.