வேலை தருவதாகச் சொன்ன கம்பனி கைவிரித்தால் பல்கலைக்கழகம் என்ன செய்யும்?

சென்ற மாதம் ஒரு மாலை, கடையை மூடப் போகும் நேரத்தில், டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு பொடியன் வந்தான். அவனுடைய தகப்பன் இருபது வருடமாக எங்கள் கடை வாடிக்கையாளர். பொடியன் பேராதனையில் பட்டம் முடித்தவன். கையில் இரண்டு கடிதங்கள். ஒன்று, கொழும்புக் கம்பனி ஒன்று கொடுத்த நியமனக் கடிதம். மற்றது, வேலைக்குச் சேர ஒன்பது நாள் இருக்கும்போது அதே கம்பனி அனுப்பிய மின்னஞ்சலின் பிரதி. "இப்போதைக்கு இல்லை, பிறகு அறிவிப்போம்" என்பதுதான் அதன் சாரம். இந்தக் கடிதத்தை நம்பி, வந்த வேறொரு வேலையையும் அவன் வேண்டாமென்று சொல்லியிருந்தான்.

"நானா, கெம்பஸ்ல சொன்னா ஏதாவது செய்வாங்களா?" என்று கேட்டான்.

அன்றைக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. அதன்பிறகு தெரிந்தவர்களிடம் விசாரித்தும், படித்தும் பார்த்தேன். நம்மிலும் பலர் இப்போது கணக்குக்கும் கம்பியூட்டருக்கும் படித்த பிள்ளைகளை எடுக்கிறோம். ஆகவே இது நமக்கும் வேண்டிய விடயம்.

இதில் பல்கலைக்கழகம் முதலாளியும் அல்ல, நீதிமன்றமும் அல்ல. தேயிலை ஏலத்தில் புரோக்கர் நிற்கும் இடத்தில்தான் அது நிற்கிறது. 1883இல் தொடங்கிய கொழும்பு ஏலத்தில் ஒரு லொட்டைக் கேட்டு, சுத்தியல் விழுந்த பிறகு "எனக்கு வேண்டாம்" என்று ஒருவர் சொன்னால், புரோக்கர் அவரைச் சிறைக்கு அனுப்ப முடியாது. ஆனால் அடுத்த முறை அவருடைய கேள்வியை யார் நம்புவார்? (2020இலிருந்து ஏலம் கம்பியூட்டரில் நடக்கிறது. சுத்தியல் சத்தம் போனாலும் நம்பிக்கைக் கணக்கு போகவில்லை.) பல்கலைக்கழகத்தின் கையில் இருப்பதும் அந்த அடுத்த முறைதான்.

இந்தியாவில் இதை நன்றாகப் பார்க்கலாம். 2016 மே மாதம், பிளிப்கார்ட் நிறுவனம் அகமதாபாத் ஐ.ஐ.எம். மாணவர்களை ஜூனில் எடுப்பதாகச் சொல்லிவிட்டு டிசம்பருக்குத் தள்ளிவைத்தது. ஆறு மாதம் வருமானமில்லாமல் இருப்பது யார், அதுவும் படிப்புக்குக் கடன் எடுத்த பிள்ளைகள்? கல்லூரி கண்டித்துக் கடிதம் எழுதியது. தாமதத்துக்கு ஈடாக ஒன்றரை இலட்சம் இந்திய ரூபா தருவதாக நிறுவனம் சொன்னது. அது போதாது என்பது கல்லூரியின் வாதம். அதே வருடம் ஆகஸ்டில் ஐ.ஐ.டி.க்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான வேலைவாய்ப்புக் குழு, வாக்குத் தவறிய 31 கம்பனிகளைக் கறுப்புப் பட்டியலில் போட்டது. அந்தப் பருவத்தில் அவை எந்த ஐ.ஐ.டி. வாசலுக்கும் வரக்கூடாது. எல்லாக் கல்லூரிகளும் ஒன்றாக நின்றதில்தான் விடயம் இருக்கிறது. ஒரு கடையில் கடன் வைத்தவன் அடுத்த கடைக்குப் போவான், ஆனால் தெருவிலுள்ள எல்லாக் கடையும் பேசிவைத்துக்கொண்டால் எங்கே போவான்?

ஐ.ஐ.டி.க்களில் ஒரு மாணவனுக்கு ஒரு வேலை என்ற முறை பழக்கத்தில் உண்டு. கையில் ஒன்று கிடைத்தவன் விலகி, மற்றவனுக்கு இடம் விடவேண்டும். நியாயமான முறைதான். ஆனால் கம்பனி கடைசி நேரத்தில் கைவிரித்தால், அந்த முறைக்குக் கட்டுப்பட்டவன்தான் முதலில் அடிபடுகிறான். அதனால்தான் கல்லூரிகள் இவ்வளவு கோபப்படுகின்றன.

இதெல்லாம் பெரிய பெயருள்ள இடங்களின் கதை. அதே 2016இல் எல் அன்ட் டி இன்போடெக் நிறுவனம், 2014இல் தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளில் தெரிவுசெய்த சுமார் 1500 பேரை ஒன்றரை வருடம் காக்கவைத்தது. பிறகு இன்னொரு பரீட்சை வைத்து, வேலை இல்லையென்று சொல்லிவிட்டது. பிள்ளைகள் சென்னையில் உண்ணாவிரதம் இருந்தார்கள். அவர்களுடைய கல்லூரிகளுக்கு அந்தக் கம்பனியைத் தடைசெய்யும் பலம் இருந்ததா? கம்பனி அடுத்த வருடம் வராவிட்டால் நட்டம் கல்லூரிக்குத்தான். யாருக்கு யார் தேவை என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வியாபாரிகளுக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

2023 பெப்ரவரியில் விப்ரோ வேறொரு வழி எடுத்தது. வருடத்துக்கு ஆறரை இலட்சம் என்று வாக்குக் கொடுத்துக் காக்கவைத்த பிள்ளைகளிடம், மூன்றரை இலட்சத்துக்கு உடனே வருகிறீர்களா என்று கேட்டது. இன்போசிஸ் 2022இல் தெரிவுசெய்த சுமார் 2000 பேரை இரண்டு வருடம் வரை நிறுத்திவைத்தது. இங்கே கல்லூரிகளைவிடத் தொழிலாளர் அமைப்பொன்றுதான் அரசாங்கத்திடம் முறையிட்டது. 2024 செப்டெம்பர் அளவில்தான் சேரும் திகதிகள் வந்தன.

நல்ல பல்கலைக்கழகங்கள் எடுத்த எடுப்பில் தடை போடுவதில்லை. முதலில் கம்பனியைக் கூப்பிட்டுக் காரணம் கேட்கின்றன. வேறு கிளையில் எடுக்க முடியுமா, திகதியை மாற்ற முடியுமா, ஈடு கொடுக்க முடியுமா என்று பேசுகின்றன. கைவிடப்பட்டவனைத் திரும்பவும் நேர்முகத் தேர்வுகளுக்கு அனுமதிக்கின்றன. 2001இல் அமெரிக்காவில் கம்பியூட்டர்த் தொழில் சரிந்தபோது, இன்டெல், சிஸ்கோ போன்ற கம்பனிகள் வேலை உறுதிசெய்த பட்டதாரிகளுக்குப் பணம் கொடுத்து விலகிக்கொள்ளக் கேட்டன. கசப்பான வழிதான், ஆனால் முகத்தைப் பார்த்துச் செய்த காரியம்.

நம் நாட்டில் ஐ.ஐ.டி.க்களுக்கு இருப்பதுபோல் பொதுக் குழு இல்லை. பல்கலைக்கழகங்களில் தொழில் வழிகாட்டல் பிரிவு இருக்கிறது. அது கம்பனிகளை அழைத்து வரும், பயிற்சி கொடுக்கும், பிரச்சினை வந்தால் தொலைபேசியில் பேசும். மொறட்டுவையில் பொறியியல் படிப்பவர்களுக்குப் போல, தொழிற்பயிற்சி பட்டத்தின் ஒரு பகுதியாக இருக்கும் இடங்களில் பல்கலைக்கழகம் கூடுதலாகத் தலையிடும், ஏனென்றால் அங்கே கம்பனி பின்வாங்கினால் படிப்பே தடைப்படும். வேலையிலிருந்து நீக்கப்பட்டவன் தொழில் நியாய சபைக்குப் போகலாம். வேலையில் காலடியே வைக்காதவனுக்கு அந்தக் கதவு இலேசில் திறக்காது.

மறுபக்கமும் உண்டு. மூன்று வருடத்துக்கு முன் கணக்குக்கு ஒரு பட்டதாரியைப் பேசி முடித்து, மேசை கூட வாங்கிப் போட்டேன். திங்கட்கிழமை வரவேண்டியவன் வரவில்லை, போனும் ஓய்ந்துவிட்டது. பிறகுதான் தெரிந்தது, வங்கியில் கிடைத்துவிட்டதாம். அவனுடைய பல்கலைக்கழகத்துக்கு முறைப்பாடு எழுதலாமென்று கூட நினைத்தேன். எழுதியிருந்தால் என்ன நடந்திருக்கும்? வெளிநாடுகளில் இப்படிச் செய்த மாணவனுக்கு வளாகத் தேர்வுகளில் இடம் மறுப்பதுண்டு, கம்பனிக்கு மன்னிப்புக் கடிதம் எழுதச் சொல்வதுண்டு. பட்டத்தைப் பிடித்துவைப்பது வழக்கமில்லை. யாரையும் இழுத்துவந்து என் மேசையில் உட்கார வைக்கவும் முடியாது. யோசித்துப் பார்த்தால், வங்கி வேலை கிடைத்தால் அந்த வயதில் நானும் போயிருப்பேன். ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கலாம் என்பதுதான் என் குறை.

அந்தக் குறையைச் சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறதா என்பது வேறு கேள்வி. 2022இல், அதற்கு முந்திய வருடத்து உரத் தடையால் தோட்டங்களில் கொழுந்து குறைந்து, டீசலும் இல்லாமல் கடை படுத்திருந்த நேரம். ஏப்ரலிலிருந்து வா என்று நான் சொல்லியிருந்த ஒரு பொடியனுக்கு "கொஞ்சம் பொறு" என்று குறுஞ்செய்தி அனுப்பினேன். அவ்வளவுதான். எத்தனை மாதம் என்று சொல்லவில்லை, வேறு இடம் பார் என்றும் சொல்லவில்லை. பணம் இல்லாதது என் குற்றமல்ல. ஆனால் இல்லை என்று அன்றே சொல்லியிருந்தால் அவன் நான்கு மாதம் என்னை நம்பி உட்கார்ந்திருக்க மாட்டான். நமக்கு ஓர் ஆள் குறைந்தால் நாமே கல்லாவில் கூடுதல் நேரம் நிற்போம். அவனுக்குப் போவது வீட்டுக்கு வரவேண்டிய முதல் சம்பளம்.

டிக்கோயாப் பொடியனிடம் மூன்று காரியம் சொன்னேன். இரண்டு கடிதங்களின் பிரதியையும் தொழில் வழிகாட்டல் பிரிவுக்கு அனுப்பு. வேண்டாமென்று சொன்ன மற்றக் கம்பனிக்கு, வெட்கப்படாமல், நடந்ததை உள்ளபடி எழுது. முதல் கம்பனியிடம் எழுத்தில் ஒரு திகதி கேள்.

பிரிவிலிருந்து ஒரு மிஸ் கொழும்புக்குப் பேசியிருக்கிறா. மூன்று மாதத்தில் முடிவு சொல்வதாகக் கம்பனி எழுதியிருக்கிறது. மற்ற இடம் ஏற்கெனவே நிரம்பிவிட்டதாம். அதுவரைக்கும் பொடியன் எங்கள் கடையில் ஸ்டொக் கணக்கைக் கம்பியூட்டரில் ஏற்றுகிறான். அவனுக்கும் ஒரு கடிதம் கொடுத்திருக்கிறேன். சம்பளம் இவ்வளவு, தொடங்கும் திகதி இது, முடியும் திகதி இது, யார் விலகினாலும் இரண்டு வாரம் முன்கூட்டிச் சொல்லவேண்டும். ஒரு பக்கம்தான். அவன் வாசித்துப் பார்த்துவிட்டு, "நானா, நீங்களும் கையெழுத்துப் போடணும்" என்றான். போட்டேன்.