நமக்குள் எழுத்து எதற்கு?

சிறு கடையொன்றைத் தொடங்க எண்ணுவோர் நல்ல நாள் பார்க்கின்றனர். பெயர்ப் பலகைக்கு வர்ணம் தேடுகின்றனர். முதல் வியாபாரத்தை யார் கையால் தொடக்குவதென்றும் யோசிக்கின்றனர். உடன்படிக்கை எழுதும் பேச்சு வந்தால் மட்டும், “நமக்குள் எழுத்து எதற்கு?” என்று ஒருவர் சிரிப்பார்; மற்றவரும் சேர்ந்து சிரிப்பார். எழுதக் கேட்பது அவநம்பிக்கையின் அடையாளம் என்னும் எண்ணம் நம்மவரிடையே ஆழ வேரூன்றியுள்ளது. இலங்கைச் சட்டமோ இவ்விஷயத்தில் நம்மைப் போல் அத்துணை தாராள மனம் படைத்ததன்று.

வாய்ப்பேச்சால் ஆகும் ஒப்பந்தம் செல்லாதென்று நாம் கூறவில்லை. நமது ஒப்பந்தச் சட்டத்துக்கு அடிப்படையாயுள்ள உரோம-டச்சுச் சட்டத்தின்படி வாய்ச்சொல்லும் பொதுவாக மனிதரைக் கட்டுப்படுத்தும். ஆயினும் 1840-ம் ஆண்டின் 7-ம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் சில காரியங்களுக்கு எழுத்து வேண்டுமென்று விதித்துள்ளது.

பங்கு வியாபாரம் அவற்றுள் ஒன்று. முதல் 1,000 ரூபாவுக்கு மேற்பட்டால், கையொப்பமிட்ட எழுத்தின்றி அக்கூட்டை நிலைநாட்ட இயலாது. ஆயிரம் ரூபா ஒரு காலத்திற் பெருந்தொகை. இன்றோ தேநீர்க் கடைக்குப் பாத்திரம் வாங்கவும் போதாது. ஆகவே இவ்விதிக்குத் தப்பும் பங்கு வியாபாரம் இக்காலத்தில் அரிது. மைத்துனர் இருவர் சேர்ந்து இரும்புக் கடை வைக்கின்றனர் எனக் கொள்வோம். மூத்தவர் 10 இலட்சம் இடுகிறார். இளையவர் 2 இலட்சத்துடன் தம் உழைப்பையும் தருகிறார். எழுத்து இல்லை. 5 வருடம் கழித்து மனக்கசப்பு உண்டாகி, ஒருவர் கணக்குக் கேட்டு நீதிமன்றம் சென்றால், பங்குடைமையே நிலைபெறாமற் போகலாம். வேடிக்கை என்னவெனில், கடன் கொடுத்த வெளியாருக்கு இத்தடை இல்லை. இருவரும் பங்காளிகளாக நடந்துகொண்டதைக் காட்டி இருவர் மீதும் அவர்கள் வழக்கிடலாம். இலாபத்துக்கு இல்லாத உறவு கடனுக்கு மட்டும் உண்டாகிவிடுகிறது!

எழுதுவதிலும் எதை எழுதுவது என்பதை அறிதல் வேண்டும். பங்குடைமை விஷயத்தில் இங்கு ஆங்கிலச் சட்டமே செல்லும். பங்காளிகள் வேறுவிதமாக உடன்படாதவிடத்து, 1890-ம் ஆண்டின் ஆங்கிலப் பங்குடைமைச் சட்டம், யார் எவ்வளவு முதல் இட்டாரென்று பாராது இலாபத்தைச் சமமாகவே பகிரும். கடையில் நின்று உழைத்தவருக்குச் சம்பளம் தராது. ஒருவர் இறந்ததும் கூட்டையே கலைத்துவிடும். ஆகவே பங்கு விகிதம், உழைப்புக்கு மாதாந்தம் எவ்வளவு, காசோலையில் யார் கையெழுத்து, ஒருவர் விலகினால் அல்லது இறந்தால் அவர் பங்கை எவ்வாறு மதித்து எத்தனை தவணையிற் கொடுப்பது ஆகியவற்றைத் தெளிவாக எழுதல் வேண்டும். மரணத்தைப் பற்றி எழுதுவது அமங்கலமென்று அவ்விடத்தைத் தாண்டிச் செல்வோர் பலர். கணவனை இழந்தவள் பேரேட்டைச் சுமந்துகொண்டு படியேறி இறங்குவதும் மங்கலமான காட்சியன்று.

கடை இடத்துக்கு வெறும் எழுத்தும் போதாது. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட காலத்துக்கான குத்தகை, நொத்தாரிசு முன்னிலையில் இரு சாட்சிகளுடன் எழுதப்பட்ட உறுதியாக இருத்தல் வேண்டும். வெள்ளைத் தாளில் முத்திரை ஒட்டி ‘5 வருடம்’ என்று வாங்கிய எழுத்தை நம்பி, அலுமாரிக்கும் சீமெந்துத் தரைக்கும் பணத்தைக் கொட்டியவர், அவ்வைந்து வருடத்தைக் குத்தகை உரிமையாகக் கோர முடியாது.

இனி, கொப்பிக் கடன். வழக்கிடும் காலவெல்லையை வகுப்பது 1871-ம் ஆண்டின் 22-ம் இலக்கக் கட்டளைச் சட்டம். எழுத்திலான உடன்படிக்கைக்கு 6 வருடம். எழுத்தில்லாததற்கு 3 வருடம். கடைக் கடனுக்கும் விற்றுக் கொடுத்த பொருளின் விலைக்கும் செய்த வேலையின் கூலிக்கும் ஒரே வருடம். முகத்துக்கு அஞ்சிக் கேளாதிருந்தே இவ்வொரு வருடத்தை இழப்போர் நம் கடைக்காரர். வருடப்பிறப்பிற் புதுக் கணக்குத் தொடங்குவோர், பழைய நிலுவையைப் புதுக் கொப்பிக்கு மாற்றும்போதே, தொகையை ஒப்புக்கொண்டு வாடிக்கையாளர் இட்ட கையொப்பத்தையும் திகதியையும் வாங்கி வைக்கலாம். அன்றிலிருந்து காலம் மீண்டும் எண்ணப்படும். “தருகிறேன் அண்ணை” என்னும் வாய்ச்சொல் இதற்கு உதவாது. கடனில் ஒரு பகுதியைச் செலுத்தினால் உதவும்; அதற்கும் திகதியிட்ட பற்றுச்சீட்டின் பிரதியொன்று கடையில் இருப்பது நலம்.