குளிர் மலையில் வாழும் ஜீவன்கள்

தை மாதத்துப் பனியில் கொழுந்து கருகிப் போவதை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நமக்குக் கம்பளி இருக்கிறது, லயத்தில் அடுப்பு இருக்கிறது. காட்டு ஜீவன்கள் என்னதான் செய்கின்றன?

1,000 மீற்றர் மேலே ஏறினால் வெப்பம் சுமார் 6 பாகை குறையும். ஹோட்டன் சமவெளி சுமார் 2,100 மீற்றர் உயரத்தில் உள்ளது. அங்கே உள்ள மந்திக்கு, கீழ்நாட்டு மந்தியை விட முடி நீளம், அடர்த்தியும் அதிகம். அதனால் கரடிக் குரங்கு என்றும் சொல்வார்கள். தேவாங்கும் அப்படித்தான். மலைத் தேவாங்குக்குக் கைகால் கட்டை, முடி தடிப்பு. கைகால் கட்டையாக இருந்தால் உடம்புச் சூடு வெளியே போவது குறைவு. அது அழிந்தே போய்விட்டது என்று நினைத்திருந்தார்கள். 2009ஆம் ஆண்டில்தான் முதன்முதலாகப் படம் பிடித்தார்கள்.

எல்லாவற்றையும் விட அதிசயம் ஒரு சின்ன ஓணான். பாசி படிந்த மரத்தில் பாசி நிறத்திலேயே மெதுவாக நகரும். வாலால் கிளையைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும். மற்ற ஓணான்கள் மண்ணில் முட்டையிடும். இது குட்டி போடும்! குளிர்ந்த மண்ணில் முட்டை பொரிக்க நாளாகும், கெட்டும் போகலாம். தாய் வயிற்றில் சுமந்தால், வெயில் வரும் இடம் பார்த்துப் போய்ச் சூடு காட்டலாம் அல்லவா?

சிறுத்தையின் வழி வேறு. (நாம் "புலி" என்போம், இலங்கையில் புலி கிடையாது.) காடு துண்டு துண்டாகிப் போனதால் அது தேயிலையோடு வாழப் பழகிவிட்டது. பகலில் ஓடைக் காட்டிலோ, டர்பன்டைன் மரங்களுக்குள்ளோ படுத்துக்கிடந்து, இருட்டினால் தேயிலை வழியே நடக்கும். பன்றி, கேளையாடு, முள்ளம்பன்றி எல்லாம் பிடிக்கும். லயத்து நாயையும் விடாது.

பன்றிக்கு என்று கட்டுகிற கம்பிச் சுருக்கு இந்தப் பாதையில்தான் இருக்கிறது. கம்பிக்குப் பன்றி எது, சிறுத்தை எது என்று தெரியாது. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பகுதியில் அரிதான கருஞ்சிறுத்தை ஒன்று இப்படி மாட்டியது. உடவளவைக்குக் கொண்டுபோய் வைத்தியம் பார்த்தும் பிழைக்கவில்லை. சிறுத்தையைக் கொல்வது சட்டப்படி குற்றம். அதை விடுங்கள், மாட்டிய சிறுத்தை வெறிகொண்டு இழுக்கும்போது கம்பி அறுந்தால், பக்கத்து நிரையில் கொழுந்து பறிக்கிற அக்கா தங்கச்சிமார் கதி என்ன?

மலையில் சுருக்கைக் கண்டால் கங்காணியிடம் உடனே சொல்லுங்கள். சிறுத்தை மாட்டியிருந்தால் வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூட வேண்டாம், கல்லெறியவும் வேண்டாம். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு விலகிப் போய், தோட்டத்து ஒபீஸ் மூலம் வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். மயக்க ஊசி போட்டு விடுவிக்க அவர்களிடம் மிருக வைத்தியர்கள் இருக்கிறார்கள்.