காரின் உடலும் ஒரு கம்பியே

பொள்ளாச்சியிலிருந்து ஆழியாறு கடந்து வால்பாறைக்கு ஏறும் பாதையில் 40 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. தனியே ஆம்ப்ளிபயர் பொருத்திய கார் அதில் ஏறும்போது, சில வேளைகளில் பாட்டோடு ஒரு சீழ்க்கை ஒலியும் கேட்கும். கியரை இறக்கினால் சீழ்க்கை உயரும். இயந்திரம் நிதானித்தால் அதுவும் தணியும். ரேடியோவின் ஒலியளவைக் குறைத்தாலும் அது மட்டும் குறைவதில்லை. ஆம்ப்ளிபயர் கெட்டுவிட்டதென்று அதை மாற்றுவோர் பலர். குற்றம் பெரும்பாலும் அதனிடம் இல்லை.

காரின் ஆல்டர்னேட்டர் தரும் மாறுமின்னோட்டத்தை டையோடுகள் நேர்மின்னோட்டமாக்குகின்றன. ஆயினும் அதன்மேல் சிற்றலைகள் எஞ்சி நிற்கும். 12 துருவங்கள் உடைய ஆல்டர்னேட்டரில் ஒரு சுற்றுக்கு 36 சிற்றலைகள். இயந்திரம் நிமிடத்திற்கு 1000 சுற்றும்போது ஆல்டர்னேட்டர் 2500 சுற்றுவதாகக் கொண்டால், நொடிக்கு 1500 அலைகள்! காதுக்கு நன்றாக எட்டும் சுருதி அது. வேகம் இரட்டித்தால் 3000.

இந்த அலை பாட்டிற்குள் எப்படி நுழைகிறது? பட்டறைகளில் ‘பாடி எர்த்’ என்பார்கள். பெயர்தான் எர்த், மண்ணோடு தொடர்பில்லை. கார் நிற்பதோ ரப்பர் டயர்களின்மேல். பாட்டரியின் எதிர்முனை காரின் இரும்பு உடலோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. விளக்கு, ஹாரன் முதலிய எல்லாவற்றிலிருந்தும் மின்னோட்டம் திரும்பிவரும் பொதுக் கம்பி அந்த உடலே. எந்தக் கம்பிக்கும் சிறிது மின்தடை உண்டு. ஆகவே முன்னால் எர்த் செய்த ரேடியோவும் பின்பெட்டியில் எர்த் செய்த ஆம்ப்ளிபயரும் ஒரே மின்னழுத்தத்தில் இருப்பதில்லை. அந்த வேறுபாடு, இரண்டையும் இணைக்கும் பாட்டுக் கம்பியின் உலோக மேலுறை வழியே, ஒலியளவுக் குமிழைத் தாண்டிய இடத்தில் நுழைகிறது. ரேடியோ அனுப்புவதே ஓரிரு வோல்ட்டுத்தான். 0.02 வோல்ட்டு கலந்தாலும் ஆம்ப்ளிபயர் அதையும் பாட்டென்றே எண்ணிப் பெருக்கிவிடும்.

பெயின்ட்டின் மேலேயே போல்ட்டை முடுக்கிவிடுவது வழக்கமான பிழை. அவ்விடத்தில் 0.05 ஓம் தடை இருந்து 20 ஆம்பியர் சென்றால், 1 வோல்ட்டு அங்கேயே வீணாகும். இரும்பு பளிச்சென்று தெரியும்வரை உப்புத்தாளால் தேய்த்து, முடுக்கியபின் துருப்பிடிக்காதிருக்க மேலே கிரீஸ் பூசவேண்டும். எர்த் கம்பி குட்டையாகவும், நேர்முனைக் கம்பியின் பருமனுக்குக் குறையாமலும் இருக்கட்டும். ரேடியோவின் எர்த்தையும் இப்படியே சரிபார்க்கவேண்டும்.

சீழ்க்கை எரிச்சலூட்டும், அவ்வளவுதான். நேர்முனைக் கம்பியில் செய்யும் சிக்கனமோ காரையே எரித்துவிடக்கூடும். 1 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி 5 மீட்டர் நீளத்திற்கு 0.086 ஓம். 25 ஆம்பியர் சென்றால் 2 வோல்ட்டுக்கு மேல் இழப்பு. கம்பளத்திற்கு அடியில் 50 வாட்டுக்கு மேற்பட்ட சூடு. 10 சதுர மில்லிமீட்டர் கம்பியானால் பத்தில் ஒரு பங்குதான்.

இந்தக் கம்பியின் பியூஸ் ஆம்ப்ளிபயரைக் காப்பதற்கு என்று நினைப்பவர் உண்டு. அது கம்பியைக் காப்பதற்கே. ஆகவே பாட்டரியிலிருந்து ஒரு முழத்திற்குள் இருக்கவேண்டும். பின்பெட்டியில் வைத்தால், நடுவழியில் கம்பியின் உறை தேய்ந்து உடலைத் தொடும்போது பாட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரை அங்கே கொட்டும். பியூஸ் அதை அறியவே அறியாது. கம்பி தகரத்தைத் துளைத்துச் செல்லும் ஓட்டையில் ரப்பர் வளையம் போடுவதும் இதற்காகத்தான்.