கேடயத்திற்கும் ஒரு வரம்பு

ஊரிலிருந்து வரும் உறவினரை ஐதராபாத்தில் வாழும் நாம் கோல்கொண்டாவுக்கு அழைத்துச் செல்லாமல் விடுவதில்லை. அக்கோட்டையை ஒட்டினாற்போல் 'நயா கிலா' என்றொரு புதுக்கோட்டை இருக்கிறது. 1656 இல் மொகலாயப் படை முற்றுகையிட்டுச் சென்றபின், பகைவர் பீரங்கி ஏற்றத்தக்க குன்றினையும் உள்ளடக்கி எழுப்பிய மதில் அது. அதனால் ஔரங்கசீப் மனம் மாறிவிடவில்லை. 1687 இல் பெரும்படையோடு வந்து எட்டு மாதம் முற்றுகையிட்டுக் கைப்பற்றினார்.

இந்நகரின் தென்பால், காஞ்சன்பாக்கை அடுத்த பாதுகாப்பு ஆராய்ச்சிக் கூடங்களில் இக்காலத்து மதில் உருவாகிறது. பாய்ந்து வரும் ஏவுகணையை மற்றோர் ஏவுகணையால் வானிலேயே தகர்ப்பது அதன் நோக்கம். 2006 நவம்பரில் ஒடிசாக் கடலோரத்தில் ஏறத்தாழ 50 கிலோமீட்டர் உயரத்திலும், 2007 டிசம்பரில் 15 கிலோமீட்டர் உயரத்திலும் இலக்கைத் தகர்த்துக் காட்டினர்.

தற்காத்துக்கொள்வதை எவர் ஆட்சேபிப்பர்? மொழிபெயர்ப்பே தொழிலாக உள்ள நமக்கும் 'பாதுகாப்பு' தீங்கற்ற சொல்லாகவே படுகிறது. ஆயினும் 1972 மே 26 ஆம் நாள் மாஸ்கோவில் நிக்சனும் பிரெஷ்னேவும் கையொப்பமிட்ட உடன்படிக்கை, கேடயத்திற்கே வரம்பிட்டது. அணு ஆயுதம் தாங்கிய இருவரின் கைகளையும் கட்டிவைப்பது, மற்றவன் திருப்பி அடிப்பான் என்னும் அச்சமே. ஒருவன் உறுதியான கேடயம் பெற்றால் அவனுடைய அச்சம் நீங்கும்; மற்றவனுடைய அச்சமோ இரட்டிக்கும். அவன் கேடயத்தைத் துளைக்க அம்புகளைப் பெருக்குவான்.

ஆகவே ஆளுக்கு இரண்டு இடம், இடத்திற்கு 100 இடைமறிப்பு ஏவுகணை என வகுத்தனர். 1974 இல் அதுவும் ஓரிடமாகக் குறைந்தது. சோவியத் நாடு மாஸ்கோவைக் காத்தது. அமெரிக்கா வட டகோட்டாவில் பெரும் பொருட்செலவில் அமைத்ததை, இயங்கத் தொடங்கிய சில மாதங்களிலேயே மூடிவிட்டது! பின்னர் 2002 ஜூன் 13 அன்று அமெரிக்கா விலகவே, உடன்படிக்கை முடிவுற்றது.

அவ்விரு நாடுகளுக்கிடையே ஏவுகணை சென்று சேர அரை மணி நேரம் ஆகும். இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் இடையே சில நிமிடங்களே. 2017 ஜனவரியில் பாகிஸ்தான் பல முனைகளைத் தாங்கும் 'அபாபீல்' ஏவுகணையைச் சோதித்தபோது, இப்பகுதியில் வளர்ந்துவரும் ஏவுகணைத் தடுப்பமைப்பையே காரணமாகக் கூறியது. கோல்கொண்டா மதிலைச் சுற்றிவரும்போது இச்செய்தி நம் நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

2005 அக்டோபர் 3 ஆம் நாள் இரு நாடுகளும் செய்துகொண்ட உடன்பாடு, தரையிலக்கை நோக்கிப் பாயும் பாலிஸ்டிக் ஏவுகணைகளைச் சோதிக்க மூன்று நாளேனும் முன்னறிவிப்பு வேண்டும் என்றது. எல்லையிலிருந்து 40 கிலோமீட்டருக்குள் ஏவுதளம் கூடாது என்றும் விதித்தது. கேடயத்தைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. எத்தனை இடைமறிப்பு ஏவுகணைகள், எந்த நகரைச் சுற்றி என்பதற்கு, தில்லிக்கும் இஸ்லாமாபாத்துக்கும் இடையே எழுதப்பட்ட வரம்பு எதுவும் கிடையாது.