சேர்வராயன் அடிவாரத்தில் எட்டுவழி!

ஏர்க்காட்டுக்கு இரண்டாம் பாதை ஏறும் குப்பனூரில் 2018-இல் கல் நட்டார்கள். சென்னைக்கு 277 கிலோமீட்டரில் எட்டுவழிச் சாலையாம்! ஊர்களை ஒதுக்கிப் போகுமாம்! உழவனின் தென்னையையும் கிணற்றையும் ஒதுக்கிற்றா? அவற்றின் மீதே கோடு விழுந்தது! மஞ்சவாடிக் காடும் தப்பவில்லை.

2019 ஏப்ரல் 8-இல் உயர்நீதிமன்றம் நிலமெடுப்பை ரத்துச் செய்தது. 2020 டிசம்பர் 8-இல் உச்சநீதிமன்றம், அறிவிக்கை செல்லும் என்றது. ஆனால் வருவாய்ப் பதிவேட்டில் பெயர் மாற்றியது செல்லாது என்றும் தீர்ப்பளித்தது.

சாலையே வேண்டாம் என்கிறோமா? இல்லை! உளுந்தூர்ப்பேட்டை நெடுஞ்சாலையில் வாழப்பாடி, ஆத்தூர் புறவழிகள் அன்று இருவழியாகவே கிடந்தன. இருக்கும் வழியை அகலப்படுத்தாமல், விளைநிலத்தில் புதுவழி தேடுவது என்ன திட்டம்? கோடு கிழிக்குமுன் உழவனைக் கேளுங்கள்; அதுதான் மக்களாட்சி!