பொட்டாசியம் பார்த்தார்கள், மெக்னீசியம் பார்த்தார்களா?

மாரடைப்பு வந்து, ஸ்டென்ட் வைத்துக்கொண்டு வீடு திரும்பிய டெல்லித் தமிழர்கள் தங்கள் ஃபைலை என்னிடம் கொண்டுவந்து காட்டுவதுண்டு. கரோல்பாக், ஆர்.கே.புரம், மயூர் விஹார், எங்கிருந்து வந்தாலும் கதை ஒன்றுதான். ஆஞ்சியோகிராம் சி.டி. உறைக்குள் பத்திரமாக இருக்கும். பில்கள் ரப்பர் பேண்டு போட்டு அடுக்கியிருக்கும். ரத்தப் பரிசோதனைத் தாள் எங்கே என்று கேட்டால், "அதெல்லாம் ஆஸ்பத்திரியிலேயே வச்சுக்கிட்டாங்க" என்பார்கள். அந்தத் தாளைத்தான் முதலில் கேட்டு வாங்கியிருக்க வேண்டும்.

மாரடைப்பில் அடிபட்ட இதயத் தசையில் மின்னோட்டம் சீராகப் பாய்வதில்லை. முதல் இரண்டு நாட்களில் துடிப்பு திடீரென்று தாறுமாறாகி உயிரையே பறித்துவிடும் ஆபத்து மிக அதிகம். அதைக் கட்டுக்குள் வைக்க உதவும் உப்புகளில் பொட்டாசியமும் மெக்னீசியமும் முக்கியமானவை. மெக்னீசியம் குறைந்தால் சிறுநீரகம் பொட்டாசியத்தையும் வெளியே விட்டுவிடும்; பாட்டில் பாட்டிலாகப் பொட்டாசியம் ஏற்றினாலும் நிற்காது. ரத்தத்தில் மெக்னீசியம் பொதுவாக ஒரு டெசிலிட்டருக்கு 1.7 முதல் 2.2 மில்லிகிராம் வரை இருக்க வேண்டும். இந்த எல்லை லேபுக்கு லேப் சற்று மாறும்.

பலரும் ஏமாறுவது இங்கேதான். "எலக்ட்ரோலைட்ஸ்" என்று எழுதிக்கொடுத்தால் லேப் பெரும்பாலும் சோடியம், பொட்டாசியம், குளோரைடு மூன்றைத்தான் பார்க்கும். சிறுநீரகப் பரிசோதனையான கே.எஃப்.டி. என்று எழுதினாலும் மெக்னீசியம் அநேகமாக அதில் வராது. "சீரம் மெக்னீசியம்" என்று தனியாக எழுதினால்தான் உண்டு. மத்திய அரசு சுகாதாரத் திட்டமான சி.ஜி.எச்.எஸ். அட்டைதாரர்கள் டிஸ்பென்சரி டாக்டரிடம் இதைச் சொல்லி, சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள். லேப் கவுன்டரில் போய்ச் சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள்.

யார் கவனிக்க வேண்டும்? கால் வீக்கத்துக்கும் மூச்சுத்திணறலுக்கும் நீர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள். பான்டபிரசோல், ஒமிபிரசோல் போன்ற அசிடிட்டி மாத்திரையை மாதக்கணக்கில், வருடக்கணக்கில் விழுங்குகிறவர்கள். இந்த அசிடிட்டி மாத்திரைகளால் மெக்னீசியம் குறையலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2011லேயே எச்சரித்துவிட்டது. சர்க்கரை நோயாளிகள், குடிப்பழக்கம் உள்ளவர்கள். மே, ஜூன் வெயிலில் வயிற்றுப்போக்கில் படுத்தவர்கள். ஓ.ஆர்.எஸ். அவசியம் குடியுங்கள், ஆனால் அதில் மெக்னீசியம் கிடையாது.

இதைப் படித்துவிட்டு எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். ஸ்டென்ட் வைத்தவருக்கு அசிடிட்டி மாத்திரை கொடுப்பது, ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மருந்துகளால் வயிற்றில் ரத்தக்கசிவு வராமல் காக்கத்தான். டாக்டரிடம் கேளுங்கள். மீண்டும் சொல்கிறேன், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

வாட்ஸ்அப் பார்த்து மெக்னீசியம் மாத்திரை வாங்கி விழுங்குவது இன்னொரு கூத்து. மாரடைப்பு வந்த எல்லோருக்கும் ஊசியில் மெக்னீசியம் ஏற்றினால் உயிர் பிழைப்பார்கள் என்று 1992ல் இங்கிலாந்தின் லெஸ்டரில் நடந்த ஆய்வு நம்பிக்கை தந்தது. 58,050 பேரைச் சேர்த்த ஐசிஸ்-4 ஆய்வு 1995ல் அந்த நம்பிக்கையைக் கலைத்தது. குறைவு இருப்பவருக்கு ஈடுசெய்வதும், 'டோர்சாட்' என்ற குறிப்பிட்ட வகைத் தாறுமாறான துடிப்புக்கு ஊசியில் கொடுப்பதும் மருத்துவம். எல்லோரும் விழுங்குவது மருத்துவம் அல்ல. சிறுநீரகம் பழுதானவர் உடலில் மெக்னீசியம் தேங்கி, துடிப்பும் மூச்சும் மந்தமாகும். அசிடிட்டிக்குக் குடிக்கும் வெள்ளை சிரப்புகள் பலவற்றிலும் மெக்னீசியம் இருக்கிறது.

இனி காகித வேலை. சிகிச்சை ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 நெறிமுறை விதிகள் சொல்கின்றன. வாய்ச்சொல்லாகக் கேட்டால் எந்த கவுன்டரிலும் நடக்காது. "நாளைக்கு வாங்க" என்றே அலைக்கழிப்பார்கள். மெடிக்கல் சூப்பரின்டென்டென்ட் பெயருக்குக் கடிதம் எழுதுங்கள். நோயாளி பெயர், யு.ஹெச்.ஐ.டி. என்ற மருத்துவமனைப் பதிவு எண், சேர்ந்த தேதி, வீடு திரும்பிய தேதி. கேட்பவை: எல்லா ரத்தப் பரிசோதனை முடிவுகள், இசிஜி நகல்கள், கேஸ் ஷீட், டிஸ்சார்ஜ் சம்மரி. நோயாளியின் கையெழுத்தும் அடையாள அட்டை நகலும் வேண்டும். அவரால் வர முடியாவிட்டால், வருபவருக்கு அவர் எழுதிக்கொடுத்த அதிகாரக் கடிதம் வேண்டும். எம்.ஆர்.டி. என்ற மருத்துவ ஆவணப் பிரிவில் கொடுத்து, உங்கள் நகலில் தேதியோடு முத்திரையும் டைரி எண்ணும் வாங்குங்கள். முத்திரை இல்லாத கடிதத்தைக் கொடுக்காத கடிதமாகவே எண்ணிக்கொள்ளுங்கள்.

அரசு மருத்துவமனை இழுத்தடித்தால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. எய்ம்ஸ், சஃப்தர்ஜங், ராம் மனோகர் லோஹியா மூன்றும் மத்திய அரசுடையவை. கோவிந்த் வல்லப் பந்த் டெல்லி அரசுடையது. இடம் மாற்றி மனு அனுப்பினால் நாள்தான் விரயம். கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள். உயிர் சம்பந்தப்பட்டது என்றால் 48 மணி நேரம். தனியார் மருத்துவமனை என்றால் கர்கர்டூமாவில் இருக்கும் டெல்லி சுகாதாரச் சேவைகள் இயக்குநரகத்தின் நர்சிங் ஹோம் பிரிவுக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். அதற்கு இரண்டு ஆண்டு கெடு உண்டு.

வீட்டில் இருக்கும்போது நெஞ்சு படபடத்துத் தலை சுற்றினாலோ, மயக்கம் வந்தாலோ ஆட்டோ தேடாதீர்கள். 102 அல்லது 112க்கு அடியுங்கள். வழியில் துடிப்பு நின்றால் ஆட்டோக்காரரிடம் ஷாக் கொடுக்கும் கருவி இருக்காது. முன்பணம் கட்டினால்தான் தொடுவோம் என்று அவசரப் பிரிவில் சொன்னால், உயிருக்கு ஆபத்தான நிலையில் அரசு, தனியார் என்று பாராமல் எந்த டாக்டரும் முதலில் சிகிச்சை தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1989ல் பரமானந்த் கட்டாரா வழக்கில் சொன்னதை எடுத்துச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் கையில் மாத்திரைப் பட்டைகள் எல்லாம் இருக்க வேண்டும், அசிடிட்டி மாத்திரையும் நீர் மாத்திரையும் சேர்த்து.